சபைக்குச் சென்ற பாட்டும் வாயிலில் நின்ற பாடகரும்

தமிழ்நாட்டின் இசை வரலாற்றை எழுதப் புகுவோர் தஞ்சை அரண்மனையிலிருந்தோ சென்னைச் சபைகளிலிருந்தோ தொடங்குவது வழக்கம். சுந்தரபாண்டியபுரத்து வயல்வரப்பில் நின்று தொடங்கியவர் அரியர். நம் கல்விச் சங்கத்தின் வெள்ளி விழா மலரைப் பெரிதும் படிக்கப் போகிறவர்கள் நம் இளைஞர்கள் ஆதலின், நாம் அவ்வரப்பிலிருந்தே தொடங்குவோம். கல்விச் சங்கத்து மலரில் கல்வியைப் பற்றி எழுதாமல் பாட்டைப் பற்றி எழுதுவானேன் என்று சிலர் வினவலாம். ஏடும் எழுத்தாணியும் நமக்கு மறுக்கப்பட்டிருந்த நாள்களில் நம் முன்னோர் தம் வரலாற்றை எழுதிவைத்த ஏடு பாட்டுத்தான். அவ்வேட்டைப் படிப்பதும் கல்வியே.

மேற்குத் தொடர்ச்சி மலையின் சாரல் வந்து விழும் இவ்வட்டாரத்தில், நாற்று நடுகின்ற பெண்களின் பாட்டுக்குத் தனியே கேட்போர் கூட்டம் என்று ஒன்று இருந்ததில்லை. ஒருத்தி அடி எடுத்துக் கொடுப்பாள்; மற்றவர் வாங்கிப் பாடுவர். குனிந்த முதுகின் வலி தெரியாதிருக்கவும் நடுகை வரிசை ஒரே சீராகச் செல்லவும் அப்பாட்டு உதவிற்று. கூலியைக் குறைத்துக் கொடுத்த பண்ணையாருக்கான ஏச்சும் அதனுள் மறைபொருளாய் நுழைந்துவிடும். வரப்பில் குடை பிடித்து நிற்பவருக்குப் புரியும், ஆனால் யாரைப் பிடித்துக் கேட்பது? அறுவடைக் களத்திற்கு ஒரு பாட்டு, முளைப்பாரிக்குக் கும்மி, கோயில் கொடைக்கு வில்லுப்பாட்டும் கணியான் கூத்தும், துக்க வீட்டிற்கு ஒப்பாரியும் கொட்டும் என்று வாழ்வின் ஒவ்வொரு படியிலும் இசை இருந்தது. கொட்டுக்காரர் மட்டும் கோயிலுக்கு வெளியே நின்றார். ஒலிக்கு எல்லைக் கோடு கிடையாது. அது சுவரைத் தாண்டி உள்ளே சென்றது. அடித்தவர் தாண்டக் கூடாது.

பழந்தமிழகத்தில் இந்நிலை இல்லை என்பதற்குச் சான்றுகள் உள. ஒவ்வொரு நிலத்துக்கும் உரிய கருப்பொருள்களுள் ஒன்றாகத் தொல்காப்பியம் பறையை வைக்கிறது. துடியன், பாணன், பறையன், கடம்பன் எனும் நான்கு குடிகளைச் சிறந்த குடிகளாகப் பாடுகிறார் புறநானூற்றுப் புலவர் மாங்குடி கிழார். அந்நால்வருள் மூவர் இசையோடு தொடர்புடையவர் என்பதை நம் மாணவர் மனத்திற்கொள்ள வேண்டும்.

இனி நம் வட்டாரத்தின் பெருமையாகிய குற்றாலக் குறவஞ்சிக்கு வருவோம். மேலகரத்துத் திரிகூட ராசப்பக் கவிராயர் பதினெட்டாம் நூற்றாண்டில் இயற்றிய நூல் அது. தலைவி வசந்தவல்லிக்குக் குறி சொல்ல வரும் குறத்தியே அந்நூலின் உயிர். மலைவளம் கூறுபவளும் அவளே. நாட்டுவளம் கூறுபவளும் அவளே. அவள் வாய்மொழியின் மிடுக்கைக் கவிராயர் எங்கிருந்து பெற்றார்? இம்மலையடிவாரத்தில் நடமாடிய மக்களின் பேச்சிலிருந்தும் சந்தத்திலிருந்தும்தான் பெற்றிருக்க முடியும். இந்நூலுக்காக மதுரை மன்னர் முத்துவிஜயரங்க சொக்கநாதர் கவிராயருக்கு நிலம் அளித்தார். அது குறவஞ்சி மேடு எனப் பெயர் பெற்றது. 1944-இல் ருக்மிணி தேவி கலாக்ஷேத்திரத்தின் சார்பில் இதனை நாட்டிய நாடகமாக அரங்கேற்றினார். நூலின் சிறப்பிலும் அரங்கேற்றத்தின் சிறப்பிலும் நமக்கு ஐயமில்லை. ஆயினும் ஒன்றைக் கணக்கில் எழுதிவைக்க வேண்டியுள்ளது. குறத்தியின் சொல்லுக்கு நிலம் கிடைத்தது, கோயில் கிடைத்தது, சென்னையில் அரங்கம் கிடைத்தது. காலில் செருப்பின்றிக் குறி சொல்லித் திரிந்த குறத்திக்குக் கிடைத்தது என்ன?

பாட்டு முன்னே சென்று, பாடியவர் பின்னே நிற்கும் இந்தக் கதைதான் அடுத்த இருநூறு ஆண்டுகளும் நடந்தது. சில வேளைகளில் பாட்டுக்கூடத் தன் உருவோடு சென்று சேரவில்லை. இதற்கு முத்துப்பட்டன் கதையைக் காட்டிலும் தெளிவான சான்று வேண்டுவதில்லை. பாபநாசம் மலைப்பகுதியில், சொரிமுத்து ஐயனார் கோயிலைச் சார்ந்து வழங்கும் கதை அது. அந்தணனாகிய முத்துப்பட்டன், செருப்புத் தைக்கும் வாலப்பகடையின் மக்களாகிய பொம்மக்கா, திம்மக்கா இருவர்மீதும் காதல் கொள்கிறான். பெண் கேட்டு நிற்பவனிடம் வாலப்பகடை நிபந்தனை விதிக்கிறார். குடுமியை எடுக்க வேண்டும். பூணூலை அறுக்க வேண்டும். செருப்புத் தைத்துக் காட்ட வேண்டும். அவன் அனைத்தையும் செய்து மணம் முடிக்கிறான். பின்னர் மாமனாரின் மாட்டுக்கிடையைக் காக்கச் சென்று, கள்வரோடு போரிட்டு மடிகிறான். மேல்சாதி என்பவன் கீழிறங்கி வந்து தொழில் கற்றுக்கொண்டால்தான் மருமகன் என்று கூறும் இக்கதை வில்லின் முன் பாடப்பட்டு வந்தது. பேராசிரியர் நா. வானமாமலை இதனைப் பதிப்பித்தபோது ஒரு செய்தியைச் சுட்டிக் காட்டினார். அவ்விரு பெண்களும் உண்மையில் அந்தணர் வீட்டில் பிறந்து, காட்டில் விடப்பட்டு, பகடை வீட்டில் வளர்ந்தவர்கள் என்று ஒரு பகுதி கதையில் சேர்ந்திருக்கிறது. அது பிற்காலத்தார் சேர்த்தது என்பது அவர் முடிவு. ஏன் சேர்த்தனர் என்பதை விளக்கத் தேவையில்லை. அச்சேறும்போதும் பெரியவர் முன்னிலையில் பாடும்போதும் கதைக்கு ஒரு சட்டை மாட்டிவிட வேண்டியிருந்தது.

நாங்குநேரியில் 1917-இல் பிறந்து 1980-இல் மறைந்த வானமாமலை, நெல்லைச் சீமையின் பாட்டுகளைக் காப்பாற்றியவர். அவருடைய ‘தமிழர் நாட்டுப்பாடல்கள்’ 1964-இல் வெளிவந்தது. அவருக்குப் பாட்டுகளைத் திரட்டித் தந்தவர்களுள் கிராமத்துப் பள்ளி ஆசிரியர்களும் இருந்தனர் என்பதில், ஆசிரியத் தொழில் செய்யும் நமக்கு ஒரு தனி மகிழ்ச்சி உண்டு.

சபைகளின் கதையைச் சுருக்கமாகவே கூறிவிடலாம். சென்னையில் 1928-இல் மியூசிக் அகாதெமி ஏற்பட்டது. தமிழில் பாடுக என்று எழுந்த இயக்கத்தின் பயனாய் 1943-இல் ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் தமிழ் இசைச் சங்கத்தை நிறுவினார். அது வேண்டிய போராட்டம்தான். எனினும் அங்கே வாதாடப்பட்டது மொழிக்காக. எந்த மொழியில் பாடுவது என்று கேட்டவர்கள், யார் பாடுவது என்று கேட்கவில்லை. மேடை ஏறியவருள்ளும் வேற்றுமை இருந்தது. நாகசுரக் கலைஞர்களே மேடையில் அமர்ந்து வாசிக்கும் மதிப்பைப் போராடித்தான் பெற்றனர். திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை (1898-1956) அதில் முன்நின்றார். மிருதங்கத்தின் செய்தி இன்னும் வியப்பானது. அதன் முகங்களில் இழுத்துக் கட்டப்படுவது மாட்டுத்தோலும் ஆட்டுத்தோலும். தோலைத் தேர்ந்து, பதப்படுத்தி, சுருதிக்கு இசைய மூட்டு கட்டித் தருவோருள் பலர் நம் மக்கள். அவர்களுடைய வரலாற்றைப் பாடகர் டி. எம். கிருஷ்ணா 2020-இல்தான் ஒரு முழுநூலாக எழுதினார். வாசித்தவர்களின் பெயர்கள் வீடுதோறும் தெரிந்திருக்க, செய்தவர்களின் பெயர் தெரிய இத்தனை காலம் ஆயிற்று.

வில்லுப்பாட்டு ஓரளவு நற்பேறு பெற்றது. கலைவாணர் என். எஸ். கிருஷ்ணன் அதனை நகர மேடைகளுக்கு எடுத்துச் சென்றார். நெல்லைச் சத்திரப்புதுக்குளத்தில் 1928-இல் பிறந்த சுப்பு ஆறுமுகம் அவரிடம் சேர்ந்து எழுதி, பின்னர்த் தாமே வில்லடித்து, 2021-இல் பத்மஸ்ரீ விருதும் பெற்று, 2022-இல் மறைந்தார். 1963-இல் திருநெல்வேலி வானொலி நிலையம் தொடங்கப்பட்டபின் தென்மாவட்டத்து நாட்டுப்பாடல்கள் காற்றில் ஏறின. டீக்கடை வானொலியில் தம் ஊர் மெட்டைக் கேட்டு நின்ற தலைமுறை ஒன்று உண்டு. வானொலிக்கு ஒரு நன்மை இருந்தது: பாடுபவர் எங்கே உட்கார்ந்திருக்கிறார் என்பதைக் கேட்பவர் காண முடியாது. பாடியவர் பெயரையும் அறிவிப்பாளர் கூறுவார்.

சிவகங்கைச் சீமையின் கொல்லங்குடிக் கருப்பாயி வானொலியில் பாடிப் பெயர் பெற்று, 1985-இல் ‘ஆண்பாவம்’ திரைப்படத்திலும் பாடி நடித்தார். எழுத்தறியாத கிராமத்துப் பெண்மணியின் குரல் அப்படியே திரையில் ஒலித்தது. அவர் 2025-இல் மறைந்தார். திரையுலகம் நாட்டுப்புற மெட்டை எப்போதும் விரும்பியே வந்துள்ளது. அதைப் பாடிய மக்களைத்தான் அரிதாக அழைத்தது. சுந்தரபாண்டியபுரத்து வயல்களும் தெருக்களும் ‘ரோஜா’ (1992) முதல் எத்தனையோ படங்களில் வந்துவிட்டன. ‘அந்நியன்’ (2005) படத்தில் நாட்டுப்புறச் சாயலில் அமைந்த ஒரு பாட்டுக்காக இங்குள்ள பாறைகளில் நடிகர்களின் முகங்களைத் தீட்டினர்; அவை அந்நியன் பாறை என்றே பெயர் பெற்றுவிட்டன. வெளியூரார் வண்டி கட்டி வந்து அப்பாறையின்முன் படம் எடுத்துக்கொள்கிறார்கள். பக்கத்து வயலில் பாடும் கிழவி யார் என்று கேட்பதற்கு எவரும் இறங்குவதில்லை. (நம்மவரும் இறங்குவதில்லை என்பதைக் கூறாவிட்டால் நேர்மையாகாது.)

பாட்டோடு பாடகரும் ஒருங்கே மேடை ஏறிய வரலாறு, நம்மைப் பொறுத்தவரை, கே. ஏ. குணசேகரனிடம் தெளிவான வடிவம் பெறுகிறது. 1955-இல் சிவகங்கைப் பக்கம் மாரந்தையில் பிறந்தவர். ஊரூராய்ச் சென்று நாட்டுப்பாடல்களைத் திரட்டி ஆய்ந்தார்; தம் ‘தன்னானே’ கலைக்குழுவோடு மேடைகளில் பாடினார். கவிஞர் இன்குலாபின் ‘மனுசங்கடா’ பாட்டு தமிழகமெங்கும் பரவியது அவருடைய குரலில்தான். ஏளனமாகக் கருதப்பட்ட கிராமத்து மெட்டுக்குள் உரிமைக் குரலை அமைத்தபோது, கேட்டவர் கூட்டம் எழுந்து நின்றது. அவரே புதுவைப் பல்கலைக்கழகத்தில் நாடகத்துறைப் பேராசிரியரானார். உலகத் தமிழாராய்ச்சி நிறுவனத்தின் இயக்குநரானார். 2005-இல் வெளிவந்த ‘வடு’ என்னும் தன்வரலாற்றை நம் மாணவர் ஒவ்வொருவரும் படிக்க வேண்டும். பள்ளியிலும் ஊரிலும் சாதி தந்த வடுக்களும், சாதி பாராது பழகிய இசுலாமியர் ஊர்களின் ஆறுதலும் அதில் ஒளிவுமறைவின்றிச் சொல்லப்பட்டுள்ளன. படிப்பையும் பாட்டையும் ஒரே தோளில் சுமந்த அவர் 2016 சனவரியில் மறைந்தார்.

திருச்சபைக்குள்ளும் இதுபோன்ற ஒரு வாதம் நடந்தது. மதுரை அரசரடி இறையியல் கல்லூரியின் ஆசிரியர் தியாப்பிலஸ் அப்பாவு, பரட்டை அண்ணன் என்று அழைக்கப்பட்டவர், கிராமத்து மக்கள் தம் மெட்டிலேயே இறைவனைப் பாட வேண்டும் என்று வாதாடி, நாட்டுப்புற இசையில் வழிபாட்டையே அமைத்தார். திண்டுக்கல்லில் சக்தி கலைக்குழுவின் பெண்கள், ஆண்களின் கருவியாகவே இருந்த பறையைத் தம் கையில் எடுத்தனர்.

இந்த இடத்தில் ஒரு மாற்றுக் கருத்தை நாம் ஒதுக்கிவிட முடியாது. பள்ளி ஆண்டு விழாவில் பறையாட்டம் வைக்கலாம் என்று நாம் கூறியபோது எதிர்த்தவர் வெளியார் அல்லர், நம் பெற்றோரே. ஒருவர் கேட்டார்: “சார், அந்தக் கொட்ட விட்டு வெளிய வரணும்னுதான் பிள்ளையப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புனோம். நீங்க மறுபடியும் அவன் தோள்லயே அத மாட்டுதீயளே?” இக்கேள்வியில் நியாயம் இருக்கிறது. இழவு சொல்லப் போ, பிணத்துக்கு முன் அடி, கூலி கேளாதே என்று தலைமுறை தலைமுறையாகக் கட்டளையிடப்பட்ட கருவி அது. அதனை மறுத்ததற்காக அடிபட்டவர்களும் ஊரை விட்டு வெளியேறியவர்களும் தமிழகத்தில் உண்டு. அவர்கள் இசையை வெறுத்தவர்கள் அல்லர், இழிவை மறுத்தவர்கள்.

இதே இக்கட்டில் நின்ற வேறொரு மக்களின் வரலாறு நமக்கு வழி காட்டும். அமெரிக்காவில் அடிமை முறை ஒழிந்தபின், 1866-இல் நாஷ்வில் நகரில் விடுதலை பெற்ற கறுப்பின மக்களுக்காக ஃபிஸ்க் பள்ளி தொடங்கப்பட்டது. ஐந்தாண்டுகளில் கடன் மிகுந்து மூடும் நிலை வந்தது. பொருளாளர் ஜார்ஜ் வைட் ஒன்பது மாணவர்களைத் திரட்டி, 1871 அக்டோபர் 6 அன்று பாட்டுப் பயணம் புறப்பட்டார். அவர்களுள் பெரும்பாலோர் அடிமைகளாகவே பிறந்தவர்கள். முதலில் அவர்கள் மேடையில் பாடியவை வெள்ளையருக்குப் பழகிய பாட்டுகளே. பருத்தி வயலில் தம் பெற்றோர் பாடிய பாட்டுகளை வெளியே பாட அவர்கள் விரும்பவில்லை. அவை அடிமைக் காலத்தின் நினைவு, தம் மக்களிடையே மட்டும் பாடத்தக்கவை என எண்ணினர். நம் பெற்றோர் கேட்ட கேள்வியும் ஏறக்குறைய இதுவே. பின்னர்த் தயங்கித் தயங்கி அப்பாட்டுகளைப் பாடத் தொடங்கியபோதுதான் அவையினர் உருகினர். தங்கும் விடுதிகளில் இடம் மறுக்கப்பட்டும் பயணம் தொடர்ந்தது. 1873-இல் இங்கிலாந்தில் விக்டோரியா மகாராணியார் முன் பாடினர். பாடி ஈட்டிய பணத்தில் கடன் தீர்ந்தது. 1876-இல் ஜூபிலி மாளிகை என்னும் பெருங்கட்டடம் எழுந்தது. அவர்களுக்கு ஜூபிலிப் பாடகர் என்றே பெயர். அடிமைகள் விடுதலை பெறும் ஆண்டாக வேதாகமம் கூறும் ஜூபிலி ஆண்டிலிருந்து வந்த பெயர் அது. நம் விழாவை வெள்ளி ஜூபிலி என்று சிலர் அழைப்பிதழில் அச்சிட்டிருப்பதால், சொல்லின் பிறப்பை அறிவதும் நன்று.

இந்தியாவிலேயே மராட்டியத்து மகர் மக்களின் சான்றும் உண்டு. 1927-இல் மகாத்தில் அண்ணல் அம்பேத்கர், செத்த விலங்கின் இறைச்சியையும் இழிவான ஊர் வழக்கங்களையும் விட்டொழிக்குமாறு வேண்டினார். அதனை ஏற்ற அதே மக்கள் 1930-களில் ஜல்சா என்னும் பாட்டுக்குழுக்களை அமைத்து, அம்பேத்கரின் கருத்துகளை ஊர்தோறும் பாடினர். ஊர்க் கட்டளையை மறுத்த கையும் மேடையில் தாளம் போட்ட கையும் ஒன்றே. எனவே நம் தீர்வு இதுதான்: கடமை என்று கூறி அடிக்கச் சொன்னால், எவர் சொன்னாலும், மறுக்க வேண்டும், கலை என்று அழைத்து, பெயரும் இருக்கையும் ஊதியமும் தந்தால் நிமிர்ந்து நின்று அடிக்கலாம். அழைப்பு எப்படி வருகிறது என்பதைக் கொண்டே இதை முடிவு செய்ய வேண்டும்.

அண்மைக் காலத்தில் அவ்வகை அழைப்புகள் பெருகியுள்ளன. அயோத்திதாசப் பண்டிதர் வழங்கிய சாதிபேதமற்ற தமிழர் என்னும் கருத்தைப் பெயராகக் கொண்ட ‘தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ குழு, இயக்குநர் பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையத்தின் துணையோடு 2018 சனவரி 6 அன்று சென்னைக் கீழ்ப்பாக்கத்தில் முதன்முதல் பாடியது. கானாப் பாடகர்களும் பறை இசைஞர்களும் கிட்டார் வாசிப்போரும் ஒரே உடை உடுத்து ஒரே மேடையில் நின்றனர். 2020 முதல் அம்மையம் டிசம்பர் மாதத்தில் ‘மார்கழியில் மக்களிசை’ விழாவை நடத்தத் தொடங்கியது. மார்கழி என்றாலே சபைக் கச்சேரி என்றிருந்த நகரத்தில், ஒப்பாரி பாடுபவரும் பறையடிப்பவரும் அழைப்பிதழில் பெயர் அச்சிடப்பட்டு மேடை ஏறினர். சாவு வீட்டில் மட்டும் கேட்ட ஒப்பாரியை நாற்காலியில் அமர்ந்து கேட்பது முதலில் சிலருக்குக் கூச்சமாக இருந்திருக்கலாம். அக்கூச்சம் கேட்பவரைச் சார்ந்தது. 2025-இல் அலங்காநல்லூர்ப் பறை இசைக் கலைஞர் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. விடுதலை பெற்று எழுபத்தேழு ஆண்டுகள் கழித்தேனும் வந்தது.

நம் பக்கத்தில் குற்றாலச் சாரல் விழாவில் கிராமியக் கலைகளைக் காண்கிறோம், மகிழ்ச்சிதான். ஆனால் எத்தனையோ ஊர் விழா அழைப்பிதழ்களில் சொற்பொழிவாளர் பெயர் பட்டத்தோடு நிற்க, கீழே ‘கிராமியக் கலை நிகழ்ச்சி’ என்று ஒரே வரியில் முடிந்துவிடுகிறது. பாடுபவருக்குப் பெயர் இல்லையா? விருந்தினரை வரவேற்கச் சாலையோரம் வெயிலில் இரண்டு மணி நேரம் அடிக்கவைத்து, மேடையில் இரண்டு நிமிடமும் தராத வழக்கத்தை நம்மவர் நடத்தும் விழாக்களிலேயே கண்டிருக்கிறோம்.

நடவு இயந்திரம் வந்தபின் வரப்பில் பாட்டுக் குறைந்துவிட்டது. எழுபது வயதைக் கடந்த பெண்கள் சிலரிடமே நடுகைப் பாட்டு முழுமையாய் இருக்கிறது. கல்லூரியில் படிக்கும் நம் பிள்ளைகள் ஒவ்வொருவர் கையிலும் ஒலிப்பதிவு செய்யும் கைப்பேசி உள்ளது. இந்த விடுமுறையிலேயே தத்தம் பாட்டியிடமும் பெரியம்மையிடமும் உட்கார்ந்து பதிவு செய்யலாம். பாடியவர் பெயர், ஊர், யாரிடம் கற்றார், எந்த வேலையின்போது பாடியது என்பவற்றைத் தனித்தாளில் எழுத வேண்டும். சொல்லைத் திருத்தக் கூடாது. ஏச்சு வந்தால் ஏச்சையும், வழக்குச் சொல் வந்தால் வழக்குச் சொல்லையும் அப்படியே எழுத வேண்டும். முத்துப்பட்டன் கதைக்கு நேர்ந்தது நம் கையால் நேரக் கூடாது. கொட்டுக்காரர் எவரேனும் இசைந்தால், வேப்பஞ்சட்டம் கூட்டித் தோல் ஒட்டுவது முதல், வைக்கோல் தீயில் காய்ச்சி ஒலி ஏற்றுவது வரை, ஒவ்வோர் அடியின் பெயரோடும் கேட்டு எழுதிக்கொள்ளலாம். பாட்டுச் சொல்ல வரும் மூதாட்டிக்கு அன்றைய நாட்கூலியைச் சங்கமே தருவது முறை. அவர் அன்று வேலைக்குப் போகாமல் நமக்காக உட்கார்ந்திருப்பார். வரும் ஆண்டுக் கணக்கில் இதற்கென ஒரு தொகையை ஒதுக்குமாறு நிருவாகக் குழுவினரைக் கேட்டுக்கொள்கிறோம்.